எந்த நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரி? – ஒரு தேர்வின் வரலாறு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் நீட் மதிப்பெண்ணும் வந்த பிறகு, பல் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வரும். சென்னையா, சிதம்பரமா, புதுக்கோட்டையா? அரசு இடம் கிடைக்காவிட்டால் எந்த ஊர்த் தனியார் கல்லூரி? மாநிலம் கடந்து மங்களூர், மணிப்பால் என்று போகலாமா? பெற்றோர் உறவினரிடம் கேட்பர். மாணவர் சீனியர்களிடம் கேட்பர். சிலர் பழைய ஆசிரியரைத் தேடி வருவர்.

இக்கேள்வி புதியதன்று. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840ஆம் ஆண்டு தோன்றியது. அடுத்த ஐந்தாண்டுகளில் வேறொரு நகரத்தில் இன்னொரு கல்லூரி தோன்றியவுடனேயே இக்கேள்வியும் பிறந்துவிட்டது. அன்றுமுதல் மாணவர்கள் எதை நம்பி ஒரு நகரத்தைத் தேர்ந்தனர், எந்த நகரம் யாருக்குக் கதவைத் திறந்தது, அத்தேர்வு பின்னாளில் அவர்களுக்கு என்ன தந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. இன்று தேர்வு செய்ய வேண்டியவர்களுக்கு இவ்வரலாறு சில அளவுகோல்களைத் தரும்.

கல்லூரிக்கு முந்திய காலம்

பல் மருத்துவம் நெடுங்காலம் கைத்தொழிலாகவே இருந்தது. ஐரோப்பாவில் முடிதிருத்துவோரும் சந்தைகளில் பல் பிடுங்குவோரும் இத்தொழிலைச் செய்தனர். பாரிஸ் நகரில் வாழ்ந்த பியர் போஷார் என்னும் மருத்துவர் 1728ஆம் ஆண்டு பல் அறுவை மருத்துவம் குறித்து இரண்டு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். பற்களின் அமைப்பு, நோய், சிகிச்சை, செயற்கைப் பல் ஆகிய அனைத்தையும் முறைப்படுத்திக் கூறிய அந்நூலால் அவர் நவீன பல் மருத்துவத்தின் தந்தை எனப்படுகிறார்.

ஆயினும் நூல் வந்ததால் கல்லூரி வந்துவிடவில்லை. மேலும் நூறாண்டுகளுக்கு மேல், தொழில் கற்க விரும்பியவர் ஒரு பல் மருத்துவரிடம் பணம் கட்டிச் சேர்ந்து, அவருடைய வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றார். குரு நல்லவராக அமைந்தால் வித்தை நன்றாக அமையும். இல்லையேல் குருவின் பிழைகளே சீடனுக்கும் வரும். அக்காலத்தில் மாணவர் தேர்ந்தது நகரத்தையன்று, ஆளை.

பால்டிமோர், 1840

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள துறைமுக நகரம் பால்டிமோர். அங்குத் தொழில் செய்த ஹோரஸ் ஹெய்டன், சேப்பின் ஹாரிஸ் ஆகிய இருவரும் பல் மருத்துவத்தைக் கல்வியாக மாற்ற முயன்றனர். 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மேரிலாந்து சட்டமன்றத்தின் ஒப்புதலுடன் பால்டிமோர் பல் அறுவை மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. உலகில் பல் மருத்துவத்துக்கென்றே தோன்றிய முதல் கல்லூரி இதுவே. முதல் வகுப்பில் ஐந்து மாணவர்கள் சேர்ந்தனர். 1841இல் இருவர் பட்டம் பெற்றனர். டி.டி.எஸ். என்னும் பட்டம் அங்குதான் பிறந்தது.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை பல் மருத்துவத்தைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததால்தான் தனிக் கல்லூரி தொடங்கப்பட்டது என்ற கதை பல நூல்களில் காணப்படுகிறது. அதற்கு உறுதியான ஆவணம் இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் கூறுகின்றனர். கதை எப்படியிருப்பினும் விளைவு ஒன்றே. பல் மருத்துவம் பொது மருத்துவத்திலிருந்து பிரிந்து தனிக் கல்லூரி, தனிப் பட்டம், தனிப் பதிவு என்று வளர்ந்தது. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். வேறு, பி.டி.எஸ். வேறு என இருப்பதும் அந்தப் பிரிவின் தொடர்ச்சியே.

பால்டிமோரில் கல்லூரி தொடங்கிய மறு ஆண்டே, 1841இல், அலபாமா மாநிலம் பல் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பட்டமும் உரிமமும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க நகரங்களும் திறந்த கதவுகளும்

இரண்டாவது கல்லூரி 1845ஆம் ஆண்டு ஓஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் தொடங்கியது. 1850களில் பிலடெல்பியாவிலும் கல்லூரிகள் தோன்றின. 1867இல் பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. ஒரு பல்கலைக்கழகத்தின் அங்கமாக அமைந்த முதல் பல் மருத்துவப் பள்ளி அது. 1875இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் என்னும் சிறு நகரில் தொடங்கியதே மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் பல் மருத்துவப் பள்ளியாகும்.

இப்படி நகரங்கள் பெருகியபோதும் எல்லோருக்கும் எல்லா நகரமும் திறந்திருக்கவில்லை. மூவரின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டும்.

முதலாமவர் லூசி ஹாப்ஸ். மருத்துவம் படிக்க விரும்பிச் சின்சினாட்டிக்கு வந்த அவரைப் பெண் என்பதால் மருத்துவக் கல்லூரி சேர்க்கவில்லை. பல் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். அந்நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியும் 1861இல் மறுத்தது. ஆனால் அதன் தலைவராக இருந்த ஜோனத்தன் டாஃப்ட் அவருக்குத் தொழில் கற்க உதவினார். லூசி பட்டம் இல்லாமலே அயோவா மாநிலத்தில் தொழில் செய்து பெயர் பெற்றார். 1865இல் அயோவா பல் மருத்துவர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதன் பிறகே சின்சினாட்டிக் கல்லூரி கதவைத் திறந்தது. 1866இல் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார்.

இரண்டாமவர் இராபர்ட் டானர் ஃப்ரீமன். அடிமைகளாக இருந்தவர்களின் மகன். வாஷிங்டனில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். விண்ணப்பித்த இரண்டு கல்லூரிகள் நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தன. அப்போதுதான் தொடங்கியிருந்த ஹார்வர்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. 1869இல் அங்குப் பட்டம் பெற்ற முதல் வகுப்பில் அவரும் ஒருவர். பின்னர் கறுப்பின மாணவர்களுக்காக வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகமும் (1881) நாஷ்வில் நகரில் மெஹாரி கல்லூரியும் (1886) பல் மருத்துவப் பிரிவுகளைத் தொடங்கின. நெடுங்காலம் அமெரிக்கக் கறுப்பினப் பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் இவ்விரு நகரங்களிலிருந்தே வந்தனர். அவர்களுக்கு நகரத் தேர்வு என்பது இரண்டில் ஒன்று என்ற அளவே.

மூன்றாமவர் ஹென்றியட்டே ஹிர்ஷ்ஃபெல்டு. ஜெர்மனியில் பெண் பல் மருத்துவம் படிக்க வழியில்லாத காலம் அது. அவர் கடல் கடந்து பிலடெல்பியாவுக்குச் சென்று 1869இல் பட்டம் பெற்றார். பெர்லின் திரும்பிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை அளித்தார்.

இம்மூவரும் பட்டியலில் முதலிடம் பெற்ற கல்லூரி எது என்று பார்த்து ஊரைத் தேர்ந்தவர்கள் அல்லர். தம்மை உள்ளே விடும் ஊர் எதுவோ அதுவே அவர்களுக்கு நல்ல ஊராக இருந்தது.

விலைக்குப் பட்டமும் ஒரு கணக்கெடுப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரி நடத்துவது இலாபம் தரும் தொழிலாயிற்று. பல கல்லூரிகள் சில மருத்துவர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்திய தனியார் நிறுவனங்கள். அவற்றில் நல்லவையும் இருந்தன. ஆனால் பாடமே நடத்தாமல் பணம் பெற்றுக்கொண்டு பட்டத்தை மட்டும் அனுப்பிய போலிகளும் இருந்தன. அப்பட்டங்கள் ஐரோப்பாவிலும் விற்கப்பட்டதால் உண்மையான அமெரிக்கப் பட்டத்துக்கும் சிறிது காலம் கெட்ட பெயர் ஏற்பட்டது.

இந்நிலையை மாற்றியவர் வில்லியம் கீஸ் என்னும் உயிர்வேதியியல் பேராசிரியர். கார்னகி அறக்கட்டளையின் சார்பில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த பல் மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1926இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். பல் மருத்துவக் கல்வி பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்க வேண்டும், மருத்துவக் கல்விக்கு இணையான தரம் பெற வேண்டும் என்பன அவ்வறிக்கையின் சாரம். காலம் ஏற்கெனவே அத்திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. உலகின் முதல் கல்லூரியான பால்டிமோர் கல்லூரி 1924இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. லூசி ஹாப்ஸ் படித்த சின்சினாட்டிக் கல்லூரி 1926இல் மூடப்பட்டது. ஹென்றியட்டே படித்த பிலடெல்பியாக் கல்லூரி அதற்கு முன்பே, 1909இல், மூடப்பட்டிருந்தது.

ஒரு தலைமுறை நம்பித் தேர்ந்த கல்லூரி அடுத்த தலைமுறையில் இல்லாமற்போகலாம் என்பதே இதன் பொருள். பல்கலைக்கழகத்துடனும் மருத்துவமனையுடனும் வலுவாகப் பிணைந்தவை நிலைத்தன.

இலண்டன் மறுத்தது, எடின்பரோ ஏற்றது

இங்கிலாந்தில் 1858இல் இலண்டனின் சோகோ சதுக்கத்தில் பல் மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டு அதனுடன் ஒரு கல்விக்கூடமும் சேர்ந்தது. பிரிட்டிஷ் முறையில் மருத்துவமனையும் கல்விக்கூடமும் ஒட்டியே வளர்ந்தன. மருத்துவரிடம் பணம் கொடுத்துச் சிகிச்சை பெற முடியாத ஏழைகள் அம்மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களுடைய வாயில்தான் மாணவர்கள் தொழில் கற்றனர். பல் மருத்துவக் கல்விக்கூடங்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே தோன்றியதற்கு இது முக்கியக் காரணமாகும். உடற்கூற்றியல் பாடத்தைச் சிற்றூரிலும் நடத்திவிடலாம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வரவழைப்பது பெருநகரத்தில்தான் எளிது.

இங்கும் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. 1871இல் இலண்டனில் பிறந்த லிலியன் மர்ரி ஆசிரியையாக வேண்டும் என்று அவருடைய தலைமையாசிரியை விரும்பினார். லிலியன் மறுத்துப் பல் மருத்துவத்தைத் தேர்ந்தார். இலண்டனில் இருந்த தேசியப் பல் மருத்துவமனையில் சேர விண்ணப்பித்தபோது, பெண்ணைக் கட்டடத்துக்குள் விட விரும்பாத தலைவர் தெருவோர நடைபாதையிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். எடின்பரோவில் முயன்று பார்க்கும்படி சொன்னவரும் அவரே. லிலியன் ஸ்காட்லாந்துக்குச் சென்றார். எடின்பரோ பல் மருத்துவமனைக் கல்விக்கூடத்தில் படித்து 1895இல் தகுதி பெற்று, பிரிட்டனில் தகுதி பெற்ற முதல் பெண் பல் மருத்துவர் ஆனார்.

பின்னர் இலண்டனுக்கே திரும்பிப் பத்தாண்டுகள் தொழில் செய்தார். எடின்பரோவில் சந்தித்த இராபர்ட் லிண்ட்சே என்னும் பல் மருத்துவரை 1905இல் மணந்து அந்நகருக்குச் சென்றார். 1946இல் பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். நடைபாதையில் நிறுத்தப்பட்ட பெண் அத்தொழிலின் தலைமைக்கே உயர்ந்தார். அவரைத் தாழ்வாக எண்ண இலண்டனில் படிக்காதது ஒரு காரணமாகவில்லை.

கல்கத்தா, 1920

இந்தியாவில் முறையான பல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர் டாக்டர் இரஃபியுத்தீன் அகமது. கிழக்கு வங்காளத்தில் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் பிறந்தார். அமெரிக்கா சென்று அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவ நிலையத்தில் பணியாற்றினார். 1919இல் தாயகம் திரும்பினார்.

அவருடைய பாதையில் இரண்டு நகரங்கள் இருப்பதைக் கவனிக்கலாம். பட்டம் ஒரு சிறு நகரத்தில். ஏழைக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பணி ஒரு பெருநகரத்தில்.

1920இல் கல்கத்தாவில் அவர் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அரசு உதவி இல்லை. நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் அவர் நடத்திய கடையின் வருமானம் தொடக்கத்தில் கல்லூரிக்கு உதவியது. 1925இல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கினார். வங்காளத்தில் 1939இல் பல் மருத்துவர் சட்டம் வருவதற்கும் காரணமாக இருந்தார். 1949இல் தாம் வளர்த்த கல்லூரியை அரசிடம் ஒப்படைத்தார். அது இன்று அவர் பெயரால் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என வழங்குகிறது. 1964இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 1965இல் மறைந்தார். அவருடைய பிறந்த நாள் இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பம்பாயில் வாழ்ந்த ஃபாத்திமா ஜின்னா பல் மருத்துவம் கற்கக் கல்கத்தாவுக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. அக்காள் குடும்பம் அதே நகரில் இருந்தும் அவர் விடுதியில் தங்கிப் படித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. படிப்பு முடிந்து பம்பாய் திரும்பி 1923இல் பல் மருத்துவமனை தொடங்கினார். படித்த ஊர் ஒன்று, தொழில் செய்த ஊர் வேறு. அக்காலப் பல் மருத்துவர் பலருக்கும் இதுவே நிலை.

பிரிவினையும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும்

1930களில் நிலைமை மாறத் தொடங்கியது. பம்பாயில் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரி 1933இல் தோன்றியது. லாகூரில் டி மான்ட்மரன்சி பல் மருத்துவக் கல்லூரி 1934இல் வந்தது. கிழக்கில் கல்கத்தா, மேற்கில் பம்பாய், வடமேற்கில் லாகூர் என மூன்று நகரங்கள் மாணவர் முன் நின்றன. தெற்கில் ஒன்றும் இல்லை.

1947இல் நாடு பிரிந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கிழக்குப் பஞ்சாப் மாணவர்கள் நேற்றுவரை நினைத்திருந்த நகரம் ஒரே நாளில் வேற்று நாடாயிற்று. அமிர்தசரசில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1952இல் வந்த பிறகே அப்பகுதிக்குச் சொந்தக் கல்லூரி கிடைத்தது.

1948இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1949இல் இந்தியப் பல் மருத்துவக் கழகம் அமைந்தது. மாநிலப் பதிவேடுகள் அ, ஆ என இரு பகுதிகளாக வகுக்கப்பட்டன. ஏற்கப்பட்ட பட்டம் உடையவர் முதற்பகுதியிலும், பட்டமின்றி அனுபவத்தால் தொழில் செய்துவந்தவர் இரண்டாம் பகுதியிலும் பதிவு செய்யப்பட்டனர். பரம்பரையாகத் தொழில் கற்றவர்கள் நிறைந்திருந்த காலத்தில் இது நியாயமான ஏற்பாடு. சென்னையில் சீனக் குடும்பங்கள் நடத்திவந்த பல் மருத்துவ நிலையங்களை மூத்த தலைமுறையினர் நினைவில் வைத்திருப்பர்.

மாணவரைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் பயன் பெரிது. எந்த நகரத்தில் படித்தாலும், அக்கல்லூரியின் பட்டம் சட்டத்தால் ஏற்கப்பட்டிருந்தால், நாட்டின் எம்மாநிலத்திலும் பதிவு செய்து தொழில் நடத்தலாம். ஏற்கப்படாவிட்டால் எவ்வளவு பெரிய கட்டடமும் பயன்படாது.

சென்னையும் தென்னகமும்

1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுவே வளர்ந்து தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அதற்கு முன் தமிழ் மாணவர் பல் மருத்துவப் பட்டம் பெற வேண்டுமானால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ கடல் கடந்தோ செல்ல வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் தென்னகம் முழுவதும் கல்லூரிகள் வந்தன. பெங்களூரில் 1958, ஐதராபாத்திலும் திருவனந்தபுரத்திலும் 1959. இவை மூன்றும் மாநிலத் தலைநகரங்களில் அமைந்த அரசுக் கல்லூரிகள். 1965இல் மணிப்பாலில் தனியார் கல்லூரி தொடங்கியபோதுதான் புதிய போக்கு தோன்றியது. தலைநகரமல்லாத ஒரு சிற்றூரில், கல்வி நிறுவனமே ஊராக வளர்ந்த இடத்தில், பல மாநில மாணவர்கள் கட்டணம் செலுத்திப் படிக்க வந்தனர்.

தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே குறிப்பிடத்தக்க தொடக்கம் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் தொடங்கியது. 2013இல் பல்கலைக்கழக நிருவாகத்தை மாநில அரசு ஏற்றது. ஆயினும் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களின் கட்டணம் அரசுக் கல்லூரிகளைவிட மிக அதிகமாகவே நீடித்தது. மாணவர்கள் நெடுநாள் போராடிய பிறகு 2021இல் அரசுக் கல்லூரிக் கட்டணம் அங்கும் அறிவிக்கப்பட்டது. 2023இல் புதுக்கோட்டையில் புதிய அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளில் ஒன்று மூன்றாயிற்று.

இலங்கையும் மலாயாவும்

தேர்வு செய்யப் பல நகரங்கள் இருப்பதே ஒரு வாய்ப்பு என்பதை அயல் நாட்டுத் தமிழ் மாணவரின் நிலை உணர்த்தும். இலங்கையில் 1943இல் கொழும்பில் பல் மருத்துவக் கல்வி தொடங்கி 1950களில் பேராதனைக்கு மாறியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாடு முழுவதற்கும் பேராதனை ஒன்றே பல் மருத்துவப் பீடமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978இல் வந்தும் பல் மருத்துவத்துக்கு வடக்கு, கிழக்கு மாணவர்கள் மலைநாட்டுக்கே போக வேண்டியிருந்தது. போர்க்காலத்திலும் அதுவே நிலை.

மலாயாவில் சிங்கப்பூரே தொடக்க இடம். அங்கு 1929இல் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பள்ளி தொடங்கியது. கோலாலம்பூரில் 1970களில் பல் மருத்துவக் கல்வி வரும்வரை தீபகற்பத்து மாணவர்களுக்குச் சிங்கப்பூரே அருகிலிருந்த நகரம்.

தனியார் கல்லூரிகளின் காலம்

1980களின் நடுப்பகுதியிலிருந்து கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் வேகமாகப் பெருகின. மருத்துவக் கல்லூரி தொடங்குவதைவிட இதற்கு முதலீடு குறைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்காத மாணவர் கூட்டமோ பெரிது. நன்கொடை என்ற பெயரில் பெருந்தொகை வாங்கும் வழக்கம் பரவியது. உச்ச நீதிமன்றம் 1992இல் மோகினி ஜெயின் வழக்கிலும் 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கிலும் இதைக் கண்டித்தது. 1993இல் பல் மருத்துவர் சட்டம் திருத்தப்பட்டு, புதிய கல்லூரி தொடங்க மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமாயிற்று. தனியார் நிறுவனங்களின் உரிமை குறித்த டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 2002இல் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. மணிப்பால் நிறுவனங்களைத் தோற்றுவித்தவரின் பெயரே அவ்வழக்கின் பெயராக நிலைத்தது.

இன்று இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அமெரிக்கா 1926இல் கடந்த கட்டத்தை நாம் வேறு வடிவில் கடந்துகொண்டிருக்கிறோம் எனலாம்.

சேர்க்கை முறையும் மாறியது. தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையாக இருந்தது. 2017 முதல் நீட் மதிப்பெண் கொண்டு சேர்க்கை நடைபெறுகிறது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. அதன் வழியே தமிழ் மாணவர் கல்கத்தாவிலும் அமிர்தசரசிலும் அரசுக் கட்டணத்தில் படிக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. எங்களைப் போல் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்களுக்கு அது மறக்க முடியாத ஆண்டு. 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. எந்த ஊரில் படித்தாலும் படிப்பின் முடிவில் அனைவருக்கும் பொதுவான தேர்வு என்ற ஏற்பாடு அச்சட்டத்தில் உள்ளது.

வரலாறு தரும் அளவுகோல்கள்

இவ்வளவு நகரங்களைச் சுற்றி வந்த பிறகு மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்ன?

முதலாவது, அங்கீகாரம். போலிப் பட்டங்களின் காலமும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் கற்பிக்கும் பாடம் இது. கல்லூரிக்கு அனுமதி உள்ளதா, எத்தனை இடங்களுக்கு உள்ளது, எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது என்பவற்றை அதிகாரப்பூர்வப் பட்டியலில் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் பார்ப்பது போதாது.

இரண்டாவது, நோயாளிகள். பி.டி.எஸ். நான்காண்டுப் படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் கொண்டது. மூன்றாம் ஆண்டிலிருந்து மாணவர் பல் பிடுங்கவும், சொத்தைப் பல்லை அடைக்கவும், பல் செட் கட்டவும் தாமே கற்க வேண்டும். ஒவ்வொரு துறையிலும் இத்தனை வேலை முடிக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. மாணவர் பேச்சில் அதற்குக் கோட்டா என்று பெயர். வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் இருந்தால்தான் அது உண்மையாக முடியும்.

மூன்றாவது, மொத்தச் செலவு. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. விடுதி, கருவிகள், ஊருக்குப் போய்வரும் செலவு ஆகிய அனைத்தையும் ஐந்தாண்டுக்குக் கணக்கிட வேண்டும்.

நான்காவது, மொழி. நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வது அவருடைய மொழியில்தான். கர்நாடகம் சென்றால் கன்னடமும், கடற்கரைப் பகுதியில் துளுவும் சிறிதேனும் கற்க மனம் வேண்டும்.

இந்த இரண்டாவது அளவுகோலை நான் காலம் கடந்தே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்கு இரண்டு ஊர்களில் இடம் கிடைத்தது. ஒன்று வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். மற்றொன்று இரவு முழுவதும் இரயிலில் போக வேண்டிய தூரம். கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அவளுடைய தந்தை என்னிடம் வந்து, "நீங்க சொல்ற ஊர்ல சேர்த்துடறேன் சார்" என்றார். பெண் பிள்ளை, வீட்டுச் சாப்பாடு, விடுதிச் செலவு மிச்சம் என்று எண்ணி அருகிலுள்ள கல்லூரியையே சொன்னேன். கட்டடம் புதிதாக இருந்ததையும் பார்த்திருந்தேன். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் ஆண்டில் அவள் பள்ளிக்கு வந்தாள். "சார், நாற்காலி நிறைய இருக்கு, உட்கார ஆள்தான் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பல் செட் வேலை முடிப்பதற்காகத் தன் தெருவிலிருந்த பாட்டிமார்களைப் பேருந்துக் கட்டணம் கொடுத்துக் கூட்டிப் போயிருக்கிறாள். மதியச் சாப்பாடும் அவள் செலவு. அவள் படிப்பை முடித்தாள். இன்று சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறாள். முடித்த பின் ஓராண்டுக்கு மேல் ஒரு மூத்த மருத்துவரிடம் குறைந்த சம்பளத்தில் இருந்துதான் கை பழகியது என்றாள். கல்லூரி தந்திருக்க வேண்டியதை அவள் மறுபடி ஒரு குருவிடம் போய்க் கற்றிருக்கிறாள். பால்டிமோருக்கு முந்திய முறை இருபத்தோராம் நூற்றாண்டிலும் தேவைப்பட்டது.

அதன் பிறகு யார் வந்து கேட்டாலும் நான் ஊர் பெயர் சொல்வதில்லை. ஒரு வேலைநாளில் காலை ஒன்பது மணிக்கு அக்கல்லூரியின் வெளிநோயாளிப் பிரிவுக்குப் போய், ஓ.பி. சீட்டு வாங்க எவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கோட்டா எப்படி முடிகிறது என்று கேளுங்கள் என்கிறேன். அருகிலுள்ள ஊரானாலும் தொலைவிலுள்ள ஊரானாலும், அந்த வரிசை நீளமாக இருக்கும் கல்லூரியில் பிள்ளையைத் தயங்காமல் சேர்க்கலாம்.